பிஞ்சே உத்தியோகம்

தக்கலையில் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் பெயரைக் கேட்பது பிறகுதான். முதல் கேள்வி, "என்ன ஜோலி?" வருகிற பதிலைப் பொறுத்துத்தான் உட்காரச் சொல்வதா, நிற்க வைத்தே பேசி அனுப்புவதா என்பது முடிவாகும். சர்க்கார் ஜோலி என்றால் நாற்காலி. வெளிநாடு என்றால் நாற்காலியோடு காப்பியும் வரும். ஆதிராவின் ஜோலிக்கு எதைக் கொடுப்பது என்று யாருக்கும் பிடிபடவில்லை. "போன்ல பேசுகாளாம்" என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். சொல்லும்போது உதடு ஒரு பக்கமாகப் போகும்.

ஆதிராவுக்கும் அவர்கள்மேல் பெரிய மதிப்பு ஒன்றும் கிடையாது. அவள் பேசுவது ஸ்பானிஷ். நாகர்கோவிலில் பி.காம். முடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போனபோது, உலகம் முழுக்க ஹோட்டல் அறைகளைப் பதிவு செய்துகொடுக்கும் அந்தக் கம்பெனி, நாக்கு நன்றாகப் புரளும் சிலரைப் பொறுக்கியெடுத்து அந்த மொழியைப் படிக்கவைத்தது. பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் ஊருக்குத் திரும்பி மாடி அறையில் மேசை போட்டுக்கொண்டாள். மத்தியானம் ஹெட்செட்டை மாட்டினால் ஸ்பெயின்காரர்கள் வருவார்கள். பொழுது சாய்ந்தால் மெக்சிகோக்காரர்கள். ஜன்னலில் கடல் தெரியும் என்றீர்களே, பக்கத்துக் கட்டடத்துச் சுவர் அல்லவா தெரிகிறது என்பான் ஒருவன். குளியலறையில் யாருடைய முடியோ கிடக்கிறது என்பாள் ஒருத்தி. எல்லாவற்றுக்கும் ஆதிரா மன்னிப்புக் கேட்பாள். கம்பெனி சொல்லிக்கொடுத்தது மரியாதை ஸ்பானிஷ். நம்முடைய 'நீங்கள்' மாதிரி அங்கே 'உஸ்தெத்', 'நீ'க்கு 'தூ'. ஆனால் திட்டுகிறவர்கள் உஸ்தெத் போட்டுத் திட்டுவதில்லை. தெரு ஸ்பானிஷ் முழுவதையும் அவள் அவர்களுடைய வாயிலிருந்தே கற்றுக்கொண்டாள்.

அவளுடைய அப்பா கிருஷ்ணமணி கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மகளின் ஜோலியை ஊருக்கு விளக்கிச் சொல்லிக் களைத்துப்போய் அவரே ஒரு சுருக்குவழி கண்டுபிடித்திருந்தார். "எம்.என்.சி.ல ஆபீசர்" என்பார். எம்.என்.சி. என்றால் என்ன என்று கேட்கிற துணிவு எவருக்கும் இருக்கவில்லை. ஆதிராவும் அதைத் திருத்தியதில்லை. கேட்டுவிட்டுத் தலையாட்டுகிற மனுசர்களை மனசுக்குள் ஏளனம் செய்துகொள்வதோடு சரி.

அப்பாவின் பெரியப்பா மகன் கோலப்பன்தான் அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணப் பேச்சு என்றால் சாப்பாட்டை மறந்து அலைவார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே விஷயத்தை ஆரம்பித்துவிட்டார்.

"கிருஷ்ணமணி, கேட்டியா, பையன் ஸ்பெயின்ல இருக்கான். வலென்சியான்னு ஒரு பட்டணம். கடற்கரையில பெரிய ஹோட்டலு. அதுல மேனேஜர். பேரு பத்மகுமார். தோவாளைப் பக்கம், நம்ம ஆளுகதான். சுத்த சைவம். தகப்பன் கிடையாது, தாய் மாத்திரம். நம்ம பிள்ளைக்கும் அந்தப் பாஷை தெரியும்லா? தெய்வம் கொண்டுவந்து சேர்த்ததாக்கும்."

"பிள்ளைட்ட ஒரு வார்த்தை கேக்கட்டும்" என்றாள் அம்மா தாணம்மாள்.

"அவகிட்ட என்னத்தைக் கேக்க? இருவத்தொம்பது ஆயாச்சு. போன்ல பேசுகவளுக்கு மேனேஜர் வாறான்னா ரெண்டு கையாலயும் வாங்கி வச்சுக்கிடணும்."

மாடிப்படியில் நின்ற ஆதிராவுக்கு எல்லாம் கேட்டது. கோலப்பனுக்குப் பதில் சொல்வது, மெக்சிகோக்காரனுக்கு மன்னிப்புச் சொல்வதைவிட வீண்வேலை என்பது அவளுடைய எண்ணம்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர்கள் வந்தார்கள். பத்மகுமார், அவனுடைய தாய் பகவதியம்மாள், நடுவில் நாட்டாமை மாதிரி கோலப்பன். பகவதியம்மாள் ஒல்லியான மனுசி. வீட்டை ஒரு தடவை கண்ணால் அளந்துவிட்டு உட்கார்ந்தாள். பத்மகுமார் நல்ல நிறம், நல்ல சட்டை, கையில் பெரிய வாட்ச். ஆனால் சட்டையின் கையை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டு இறக்கிவிட்டிருந்தான். மேனேஜர்களுக்கு வேர்க்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஆதிரா காப்பித் தட்டை நீட்டினாள்.

"மோளுக்கு என்ன ஜோலி?" என்று பகவதியம்மாள் கேட்டாள்.

"எம்.என்.சி.ல ஆபீசர்" என்றார் அப்பா, அவள் வாயைத் திறக்கும் முன்பே.

"கொள்ளாம். ஆனா கல்யாணம் கழிஞ்சா அதெல்லாம் விட்டிரணும், கேட்டியளா. இவன் மேனேஜர்லா. மேனேஜருக்கப் பெஞ்சாதி போனை வச்சுக்கிட்டு இருந்தா நாலுபேரு என்ன சொல்லுவா?"

அப்படியானால் இவளுக்கும் விஷயம் தெரிந்துதான் இருக்கிறது, ஆபீசர் என்ற சொல்லை ஒரு மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொண்டாள் என்று ஆதிராவுக்குப் புரிந்தது. பத்மகுமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோலப்பன் முறுக்கைக் கடித்துக்கொண்டே உற்சாகமானார். "மாப்பிள்ளைக்கும் ஸ்பானிஷ், பிள்ளைக்கும் ஸ்பானிஷ். ரெண்டு பேரும் நாலு வார்த்தை பேசுங்கோ, நாங்களும் கேக்கட்டும்."

"பெரியப்பா, அதெல்லாம் எதுக்கு?"

"சும்மா பேசு மக்களே. இம்புட்டுப் படிச்சதுக்கு இது கூடவா?"

பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில் பிள்ளைகளை மேடையில் ஏற்றிப் பாட்டுச் சொல்லச் சொல்வது போல எல்லோரும் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆதிராவுக்கு எரிச்சல் மூக்கு வரை வந்தது. இவர்கள் எல்லோரையும் ஆட்டிவைக்கிற அந்தக் கேள்வியையே கேட்டால் என்ன என்று நினைத்தாள். பட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு, கம்பெனி சொல்லிக்கொடுத்த மரியாதையோடு கேட்டாள்:

"ஆ கே செ தெதிகா உஸ்தெத்?"

தாங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்பது பொருள். அந்த நாட்டில் வங்கியிலும் ஆபீசிலும் புழங்குகிற கேள்வி. ஹோட்டல் மேனேஜர் ஒருவன் நாள்முழுக்கக் காதில் கேட்கிற மாதிரியான பேச்சு. பத்மகுமார் விழித்தான். 'தெதிகா' என்ற சொல்லை அவன் அதற்கு முன் கேட்டதே இல்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அட கள்ளப்பயலே, ஸ்பெயினுக்கே போகாதவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று ஆதிராவுக்குள் ஒரு குரூரமான சந்தோசம் எழும்பியது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று, வேண்டுமென்றே மரியாதையைக் கழற்றிவிட்டு, கடைத்தெருவில் ஒருத்தனை நிறுத்திக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"இ தூ, என் கே குர்ராஸ்?"

நீ என்னடே ஜோலி பாக்கே? அவ்வளவுதான் அந்தப் பேச்சுக்குப் பொருள்.

பத்மகுமார் சட்டென்று நிமிர்ந்தான். அந்த வீட்டுக்குள் வந்தபிறகு அவன் முகத்தில் உயிர் வந்தது அப்போதுதான். யாரோ பழக்கமானவர்கள் கூப்பிட்ட மாதிரி, யோசிக்காமலே பதில் வந்தது.

"தெ பிஞ்சே."

ஆதிராவுக்குக் காது சுட்டது. மெக்சிகோக்காரர்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அவளிடம் சொல்கிற வார்த்தை அது. பிஞ்சே ஹோட்டல், பிஞ்சே கம்பெனி. சவத்து ஹோட்டல், எளவெடுத்த கம்பெனி என்கிற மாதிரியான வசை. பெண் பார்க்க வந்த இடத்தில் வசையா? அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் பத்மகுமார் பதறிக்கொண்டு விளக்கினான். கண்ணை மிக்சர் தட்டிலேயே வைத்துக்கொண்டு, இலக்கணம் இல்லாத ஸ்பானிஷில், தாழ்ந்த குரலில், விடாமல் சொன்னான். பிஞ்சே என்றால் ஸ்பெயினில் அடுக்களை எடுபிடி. பாத்திரம் கழுவுவான். உருளைக்கிழங்கு தோலுரிப்பான். கணவாய் மீன் சுத்தம் செய்வான், கூடை கூடையாக. அம்மாவுக்குத் தெரியாது. கோலப்பன் மாமாவுக்குத் தெரியாது. தயவுசெய்து, தயவுசெய்து.

அவன் சொல்லி முடித்ததும் கோலப்பன் கையைத் தட்டினார்.

"என்னா ஓட்டம்! தண்ணி மாதிரில்லா பேசுகான். ஆமா, என்னமோ பிஞ்சு பிஞ்சுன்னு கேட்டுதே, அது என்னது?"

பத்மகுமார் ஆதிராவைப் பார்த்தான். கன்றுக்குட்டி பார்க்கிற மாதிரியான அந்தப் பார்வை அவளுக்குச் சகிக்கவில்லை.

"பிஞ்சே. அவங்க உத்தியோகத்துக்குப் பேரு" என்றாள்.

"பாத்தியளா! மேனேஜருக்கு அங்க பிஞ்சேன்னு பேரு" என்றார் கோலப்பன், எல்லோரையும் பெருமையாகப் பார்த்து.

அவர்கள் போனபிறகு ஆதிரா மாடிக்குப் போய்ச் சேலையை அவிழ்த்துக் கட்டிலில் எறிந்தாள். அவன் பாத்திரம் கழுவுவது அவளுக்கு ஒரு பொருட்டில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்சநேரம் கழித்து, அது முழுசாக உண்மைதானா என்ற சந்தேகமும் வந்தது. சைவ வீட்டுப் பையன் கணவாயின் குடலை உருவிப்போடுகிற காட்சியை நினைத்தபோது உதடு ஒரு பக்கமாகப் போனதை அவளே உணர்ந்தாள். தெருக்காரிகளின் அதே உதடு. அது அவளை இன்னும் கோபப்படுத்தியது.

மூன்று நாள் கழித்து அவனே போன் செய்தான். தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரியில் சந்தித்தார்கள். அவளுடைய வேலை ஆரம்பிக்க இன்னும் நேரம் இருந்தது. இப்போதும் முழுக்கைச் சட்டைதான், ஆனால் பொத்தான் போடவில்லை. சர்பத் டம்ளரை எடுத்தபோது கை தெரிந்தது. மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்புகள். விரல்நுனிகள் ஊறி வெளுத்த மாதிரி.

"நான் மேனேஜர்னு சொல்லவே இல்ல" என்று ஆரம்பித்தான். "ஹோட்டல்ல ஜோலின்னு சொன்னேன். அம்மா மேனேஜராக்கிட்டா. மாமா வலென்சியாவுக்கே மேனேஜராக்கிட்டாரு."

"நீங்க இல்லன்னு சொல்லலாம்லா?"

"எப்படிச் சொல்லுவேன்? அம்மா இப்பம்தான் நாலு விசேசத்துக்குப் போறா. மின்ன எல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போனா பின்னால தூண்கிட்ட இருந்திட்டு வந்திருவா. இப்பம் முன் வரிசையில இருத்துகாவ. அதைப் போய்க் கெடுக்கவா?"

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலில் கொஞ்சம் தைரியம் வரவழைத்தான்.

"நான் ஒண்ணு நெனைச்சேன். உங்களுக்க ஸ்பானிஷ் ரொம்ப நல்ல ஸ்பானிஷ். எங்க ஹோட்டல்லயே ரிசப்ஷன்ல உங்களை இருத்துவாங்க. நான் உள்ள கிடந்து என்ன செஞ்சாலும் அந்தக் கதவைத் தாண்டி வரமுடியல்ல. நீங்க வந்தா ரெண்டு பேருக்கும் ஒரு வழி பிறக்கும்."

"உங்க அம்மா போனையே வைக்கச் சொல்லுகா. நீங்க ரிசப்ஷன்ல நிக்கச் சொல்லுகிய."

"அம்மாவுக்கு அங்க நடக்குகது எங்க தெரியப் போவுது?"

இவனுக்கு ஒரு பொய் போதாது, அடுத்த பொய்க்கு ஆள் எடுக்க வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. சர்பத்தை நகர்த்தி வைத்தாள்.

"ஒரு காரியம் செய்யுங்க. வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட, தமிழ்ல, நான் பாத்திரம் கழுவுகேன்னு சொல்லுங்க. அதுக்குப் பொறவு நாம பேசலாம்."

"அது முடியாது."

"என்கிட்ட முடிஞ்சுதுல்லா?"

"அது ஸ்பானிஷ்ல. நீ கேட்டே, வந்திட்டுது." நீங்க என்பது நீ ஆகிவிட்டதை அவன் கவனிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. "நீ மட்டும் என்ன, ஆபீசரா? எங்க ஹோட்டல்ல ரூம் சரியில்லன்னா ஆளுக உங்களை மாதிரி ஆளுகளுக்குத்தான் போன் பண்ணி ஏசுவாங்க. நான் எச்சிப்பிளேட் கழுவுகேன். நீ ஏச்சு வாங்குகே. உங்க அப்பா ஆபீசர்னு சொன்னப்பம் நீ வாயைத் தொறந்தியா?"

ஆதிராவுக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்துகொண்டாள். "பாத்திரம் கழுவுக கையைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. அதுக்கு மேல இருக்க வாய்தான் எனக்குப் பிடிக்கல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சொன்னது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீடு வந்து சேரும் வரைக்கும் அவன் கடைசியாகக் கேட்டதுதான் காதில் இருந்தது.

வேண்டாம் என்று வீட்டில் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. அம்மா அடுக்களையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். அப்பா பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மறுநாள் கோலப்பன் வந்து, முற்றத்தில் நின்றபடியே தெருவுக்குக் கேட்கும்படி கத்தினார்.

"ஸ்பெயின் நாட்டுல பிஞ்சே உத்தியோகம் பாக்குகவன் வேண்டாமாம்! இவளுக்கு இனி அந்த நாட்டு ராஜாவா வரப்போறான்? நம்ம ஜில்லாவுலயே வேற பிஞ்சே உண்டுமா? நான் எத்தனை பேருகிட்ட சொல்லி வச்சேன்!"

ஆதிராவால் பொறுக்க முடியவில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "பெரியப்பா, பிஞ்சேன்னா அடுக்களையில எடுபிடி. எச்சிப்பாத்திரம் கழுவுகது."

கோலப்பன் அண்ணாந்து பார்த்தார். ஒரு கணம் கூட அவருக்குத் தடுமாற்றம் இல்லை. "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. கிடைக்காத ஆளைப் பத்தி இல்லாததும் பொல்லாததும் சொல்லப்பிடாது, கேட்டியா. இம்புட்டுப் பொறாமை ஒரு பொம்பளைக்கு ஆகாது." சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். உண்மையை இவ்வளவு சுலபமாகத் தட்டிவிட முடிகிற மனுசனைப் பார்த்து ஆதிராவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் அடுத்த வாரமே குழித்துறையில் ஒரு வீட்டில் பிஞ்சே மாப்பிள்ளையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி.

ஒரு நாள் காலையில் பகவதியம்மாள் தனியாக வந்தாள். அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. ஆதிரா தண்ணீர் கொடுத்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, அதற்கான பதில்களையும் தயாராக வைத்துக்கொண்டாள்.

"மோளே, அன்னைக்கு அவன் உங்கிட்ட என்ன சொன்னான்?"

"என்ன சொன்னா உங்களுக்கு என்ன? உங்க மகன் மேனேஜர்லா?"

"பாத்திரம் கழுவுகேன்னு சொன்னானா?"

பகவதியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும். மொதல் லீவுக்கு வந்தப்பமே தெரியும். உறங்கிக்கிட்டு இருந்தான், கையைப் பாத்தேன். நான் கல்யாண மண்டபத்துல பாத்திரம் தேச்சு இவனை வளத்தவளாக்கும். அந்தக் கை எந்தக் கைன்னு எனக்குத் தெரியாதா? உடுப்பைத் தொவைச்சா கணவாய் நாத்தம். சைவ வீட்டுல கணவாய் நாத்தம் எங்க இருந்து வரும்?"

"தெரிஞ்சுமா மேனேஜர்னு சொன்னிய?"

"அவன் ஹோட்டல்னு சொன்னான். வேற ஒண்ணும் சொல்லல்ல. அம்மைகிட்ட மறைக்கணும்னு நெனைக்கான், சரி, மறைக்கட்டும்னு நானும் ஒரு பேரை வச்சேன். பொறவு அந்தப் பேரு எனக்கும் பிடிச்சுப் போச்சு. பொய்யா சொல்லுகேன்? முன்னால இருக்கச் சொன்னா யாருக்குப் பிடிக்காது?" அவள் குரலில் வெட்கம் இல்லை. "ஆனா அவன் என்கிட்ட இத்தனை காலமா சொல்லாததை உங்கிட்ட ஒத்தை நிமிசத்துல சொன்னான். அவன் மொகத்தை நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பாஷை தெரியாட்டா என்ன? அதுனாலதான் வந்தேன். நீ அவனைக் கட்டிக்கோ மோளே. போனையும் விடாண்டாம், ஒண்ணும் விடாண்டாம்."

ஆதிராவுக்கு நெஞ்சு ஒரு கணம் இளகியது உண்மை. ஆனால் அடுத்த கணமே எரிச்சல் வந்து அதை மூடியது. ஒரே வீட்டில், ஒரே தமிழைப் பேசிக்கொண்டு, தாயும் மகனும் ஒருவருக்கொருவர் நாடகம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாடகத்துக்கு ஆள் குறைகிறது என்று தன்னைத் தேடி இரண்டு பேரும் தனித்தனியாக வருகிறார்கள்.

"அத்தை, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்து பேச்சை மாத்திச் சொல்லுகதுக்கு ஒரு ஆளு வேணும். அதுக்காச்சுட்டி ஒருத்தியைக் கட்டிக் கொண்டுபோவாங்களா? நான் அந்த ஜோலிதான் தெனமும் பாக்கேன். வீட்டுக்குள்ளயும் அது எனக்கு வேண்டாம்."

பகவதியம்மாள் கெஞ்சவில்லை. எழுந்து சேலைத் தலைப்பை உதறிக்கொண்டாள்.

"செரி. அப்பம் நானே கேக்கேன். நீ அன்னைக்கு மொதல்ல ஒண்ணு கேட்டே, அவனுக்கு விளங்கல்ல. ரெண்டாவது கேட்டதுக்குத்தான் பதில் சொன்னான். அந்த ரெண்டாவதை எனக்குச் சொல்லித் தா."

"தமிழ்லயே கேக்கலாம்லா?"

"தமிழ்ல கேட்டா தமிழ்லதான் பொய் சொல்லுவான்."

ஆதிரா வாசற்படியில் நின்றபடி சொல்லிக்கொடுத்தாள். என் கே குர்ராஸ். பகவதியம்மாள் 'என்கே' என்பதை எங்கே என்று பிடித்துக்கொண்டாள். எங்கே குறாஸ், எங்கே குறாஸ் என்று முணுமுணுத்தபடியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். திருத்திவிடலாமா என்று ஆதிரா யோசித்தாள். இந்த வீட்டுக்கு இது போதும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாளே பத்மகுமாரின் போன் வந்தது.

"நீ யாரு எங்க வீட்டுக் காரியத்துல தலையிட? அம்மா தோசையைச் சுட்டுத் தட்டுல போட்டுக்கிட்டே கேக்கா. எனக்குத் தொண்டையில இறங்கல்ல."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாம் சொன்னேன். கணவாயும் சொன்னேன்."

"அம்மா?"

"இன்னொரு தோசை போட்டா."

அவன் அழுதானா சிரித்தானா என்று தெரியவில்லை. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "இப்பம் நீ சொன்னது நடந்துட்டுதுல்லா? இனி பேசலாம்லா?" என்றான்.

அந்தக் குரலில் இருந்த நம்பிக்கை அவளுக்குத் திகைப்பாக இருந்தது. தாய் கேட்டு, இவள் சொல்லிக்கொடுத்து, தோசைக்கல்லுக்கு முன்னால் வேறு வழியில்லாமல் வாயிலிருந்து விழுந்ததைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கிறான்.

"நடந்தது நல்லதுதான். ஆனா நீங்க சொல்லல்ல. உங்கம்மா சொல்லவச்சா. எனக்கு வேண்டாம்" என்றாள். போனை வைத்த பிறகு அந்த எண்ணை அழித்தாள். அவன் லீவு முடிந்து தனியாகவே திரும்பிப் போனான். குழித்துறைச் சம்பந்தத்தை அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், பகவதியம்மாள் இப்போதெல்லாம் யாராவது கேட்டால் "ஹோட்டல் அடுக்களையில ஜோலி" என்று பட்டென்று சொல்வதாகவும் கோலப்பன் வந்து வயிறெரியப் புலம்பினார். தன் வாயால் வளர்த்த உத்தியோகம் ஒன்று இப்படி அநியாயமாகப் போனதில்தான் அவருக்கு வருத்தம்.

ஆனாலும் அவர் ஓய்கிற ஆளில்லை. அடுத்து இன்னொரு வீட்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். காப்பி வந்தது, முறுக்கு வந்தது. வந்த மனுசன் வழக்கம்போல, "பிள்ளைக்கு என்ன ஜோலி?" என்றார். அப்பா வாயைத் திறந்தார்.

"ஆபீசர் எல்லாம் இல்ல" என்றாள் ஆதிரா. "ஹோட்டல்ல ரூம் எடுத்தவங்க, அது சரியில்லன்னா போன் பண்ணி ஏசுவாங்க. நான் கேட்டுக்கிட்டு மன்னிப்புச் சொல்லுவேன். அதுதான் ஜோலி."

வந்த மனுசன் காப்பியைப் பாதியில் வைத்தார். மரியாதைக்குக் கொஞ்சநேரம் மழையைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் பேசிவிட்டுக் கிளம்பினார்கள். கோலப்பன் யார் முகத்தையும் பார்க்காமல் அவர்கள் பின்னாலேயே போனார். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தத்தோடு போட்டாள்.

அப்பா இருந்த இடத்திலேயே இருந்தார். திட்டப்போகிறார் என்று ஆதிரா காத்திருந்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ரொம்ப ஏசுவானுவளா மக்களே?"

"ஏசுவாங்கப்பா."

"நீ திருப்பி ஏசப்பிடாதோ?"

"பிடாது. ஏசினா ஜோலி போயிரும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாடிப்படியைப் பார்த்தார். இத்தனை வருசத்தில் அந்த மாடி அறைக்குள் அவள் என்ன செய்கிறாள் என்று அவர் கேட்டது அதுதான் முதல்முறை.

"என்னத்துக்கு ஏசுகானுவ?"

"நேத்து ஒருத்தன் தலையணை ரெண்டுதான் இருக்கு, மூணு வேணும்னு ஏசினான்."

"தலையணைக்கா?" கிருஷ்ணமணிக்கு நம்பமுடியவில்லை. "தலையணைக்குப் போயி, கடல் தாண்டி, எம்பிள்ளையைக் கூப்பிட்டு ஏசுகானா? சவத்துப் பயக்க. அவனுக்கு என்ன ஜோலியாம்?"

"அதெல்லாம் கேக்கப்பிடாதுப்பா" என்று சொல்லிவிட்டு ஆதிரா மாடிக்குப் போனாள். வேலைக்கு நேரமாகியிருந்தது. கீழே அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, தலையணை விஷயத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.